புதிய மண்ணில் வீரமாமுனிவர்

நுழையும் முன்

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்திற்குச் செல்லும் வழிகளுள் மிக அகன்றது பாலக்காட்டுக் கணவாய். அதற்குத் தெற்கே, கம்பத்திலிருந்து குமுளிக்கும் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும் மலைப்பாதைகள் ஏறுகின்றன. இவ்வழிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வந்துள்ளனர். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலும், உடும்பன்சோலையின் ஏலத் தோட்டங்களிலும் அவர்கள் உழைத்து வாழ்கின்றனர்.

அவ்வாறு வரும் ஒரு குடும்பத்துப் பிள்ளை முதல் நாளிலேயே சில வேறுபாடுகளைக் காண்கிறது. தமிழில் வெள்ளம் என்றால் ஊரையே மூழ்கடிக்கும் பெருநீர். மலையாளத்தில் அது குடிக்கும் நீர். தமிழில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் ஈரம். மலையாளத்தில் அது காய்ச்சல். உணவகத்தில் தாகத்திற்கு நீர் கேட்டால், பதிமுகம் இட்டுக் கொதிக்கவைத்த செந்நிற நீர் வருகிறது. இலையில் விழும் சோறு பருத்த செவ்வரிசிச் சோறாக இருக்கிறது.

இவை சிறிய வேறுபாடுகளே. எனினும் புதியவரைத் தயங்க வைப்பவை. தவறாகப் பேசிவிடுவோமோ என்ற அச்சத்தால் சிலர் வாய்திறவாமல் இருந்துவிடுவர். வேறு சிலர் புதிய மொழியைக் கற்ற வேகத்தில் வீட்டு மொழியைக் கைவிட்டுவிடுவர். இவ்விரண்டையும் செய்யாத ஒருவர், ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன், இவற்றைவிடப் பன்மடங்கு பெரிய வேறுபாடுகளுக்கு நடுவே வந்து வாழ்ந்தார். தமக்குக் கடினமாக இருந்தவை எவை என்று ஆராய்ந்து, பின்வருவோர்க்கு அவற்றை எளிதாக்கினார். அவரே வீரமாமுனிவர்.

பிறப்பும் பயணமும்

வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இவர் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், இத்தாலி நாட்டின் வடபகுதியில் உள்ள காஸ்திக்லியோன் என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகளைப் பயின்றார். 1709இல் குருப்பட்டம் பெற்றார். சமயப்பணி ஆற்றுவதற்காக இந்தியா செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

அக்காலத்தில் சூயசுக் கால்வாய் இல்லை. அது 1869இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே ஐரோப்பாவிலிருந்து இந்தியா வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வரவேண்டும். பெஸ்கி போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் கப்பலேறி, பல மாதக் கடற்பயணத்திற்குப் பின் 1710இல் கோவாவை அடைந்தார். 1711இல் தமிழகம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. அதன்பின் அவர் தாம் பிறந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

உண்பதும் உடுப்பதும்

கோதுமை ரொட்டியும் திராட்சை மதுவும் இத்தாலியரின் அன்றாட உணவு. அவர்கள் நாற்காலியில் அமர்ந்து மேசையில் உண்பர். தோல் காலணியை வீட்டிற்குள்ளும் அணிந்திருப்பர். தமிழகத்திலோ தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, இலையில் பரிமாறிய சோற்றை வலக்கையால் உண்பர். காலணியை வாயிலிலேயே கழற்றிவிடுவர். துறவி என்றால் காவி உடுத்துவார், புலாலும் மதுவும் நீக்குவார் என்று மக்கள் எதிர்பார்த்தனர். புலால் உண்டு, மது அருந்தி, தோல் காலணி அணிந்து வந்த ஐரோப்பியரைப் பரங்கியர் என அழைத்து, பலர் விலகி நின்றனர்.

இவ்வேறுபாட்டை அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் இராபர்ட் டி நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்த அவர், தமிழ்த் துறவியரைப் போலக் காவி உடுத்தி, மரக்கட்டைச் செருப்பு அணிந்து, மரக்கறி உணவையே உண்டு வாழ்ந்தார். தத்துவபோதகர் என்று பெயர் பெற்றார். பெஸ்கியும் அவர் சென்ற வழியையே மேற்கொண்டார். காவி அங்கியும் தலைப்பாகையும் அணிந்த அவருடைய உருவத்தையே இன்றும் படங்களில் காண்கிறோம்.

உடையும் உணவும் மாறினாலும் அவர் தம் சமயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தாம் எதற்காக வந்தாரோ அதை விடவும் இல்லை. அதனால் எதிர்ப்பும் வந்தது. சிறைப்பட்டு உயிருக்கே ஆபத்து நேர்ந்து மீண்டதாகவும் அவருடைய வரலாறு கூறுகிறது. எவற்றை மாற்றிக்கொள்வது, எவற்றை மாற்றாமல் காப்பது என்ற கேள்விக்குத் தெளிவான விடை காண்பது புதிய நாட்டில் வாழ்வோர் அனைவருக்கும் கடினமே. அவர் அக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சந்தித்தார்.

பெயர் மாற்றம்

கான்ஸ்டன்டைன் என்னும் பெயர் தமிழர் நாவில் எளிதில் வாராது. நிலைபெற்ற உறுதி என்பது அப்பெயரின் பொருள். அப்பொருளுக்கு ஏற்ப அவர் முதலில் தைரியநாதர் என்னும் பெயரைக் கொண்டார். அது வடமொழிப் பெயராக இருந்ததால், பின்னர் வீரமாமுனிவர் என்னும் தமிழ்ப்பெயர் அவருக்கு வழங்கலாயிற்று என்பர். பெயரின் ஒலி மாறியது, பொருள் மாறவில்லை.

இம்முறையையே அவர் தம் காப்பியத்திலும் கையாண்டார். தேம்பாவணி என்னும் அக்காப்பியத்தின் தலைவர் சூசையப்பர். அவருக்கு வளன் என்று பெயரிட்டார். திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயரிட்டார். பிறநாட்டுப் பெயர்களைத் தமிழ்ப் படிப்பாளர் தயக்கமின்றிச் சொல்லவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

மொழியும் தடுமாற்றமும்

உணவையும் உடையையும் சில நாட்களில் மாற்றிக்கொள்ளலாம். மொழியைக் கற்கப் பல ஆண்டுகள் வேண்டும். முப்பது வயதைக் கடந்தபின் தமிழ் கற்கத் தொடங்கிய பெஸ்கி, இலக்கண இலக்கியங்களைச் சுப்பிரதீபக் கவிராயரிடம் பயின்றார் என்பர். தெலுங்கும் வடமொழியும் கற்றார்.

தமிழ் படிக்கத் தொடங்கிய அவருக்கு எழுத்திலேயே ஓர் இடர்ப்பாடு காத்திருந்தது. அக்காலத்தில் எகரத்தின் மேலும் ஒகரத்தின் மேலும் புள்ளி இட்டால் அது குறில்; புள்ளி இல்லையேல் நெடில். இதுவே பழைய இலக்கணம் வகுத்த முறை. ஆனால் அந்நாளில் எழுதியது பனையோலையில். எழுதுகோல் கூரிய இரும்பு எழுத்தாணி. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும். ஆகவே எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவது வழக்கமாயிற்று.

அதன் விளைவு என்ன? எரி என்பதும் ஏரி என்பதும் ஓலையில் ஒன்றுபோலவே இருந்தன. கொடு என்பதற்கும் கோடு என்பதற்கும் வேறுபாடு தெரியவில்லை. கெட்டேன் என்று எழுதியிருக்கிறதா, கேட்டேன் என்று எழுதியிருக்கிறதா என்பதைப் படிப்பவர்தாம் ஊகித்து அறியவேண்டும். தாய்மொழியாகத் தமிழைப் பேசியோர்க்கு இது பெருந்துன்பமாகத் தோன்றவில்லை. தொடரைப் பார்த்த அளவில் சொல் எதுவென்று அவர்களுக்கு விளங்கிவிடும். ஆகவே பல தலைமுறைகளாக அக்குறை அப்படியே இருந்தது. வெளியிலிருந்து வந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தவருக்கோ அது ஒவ்வொரு வரியிலும் தடையாயிற்று.

பெஸ்கி அத்தடையை நீக்க வழி கண்டார். புள்ளி இல்லாத எ, ஒ ஆகியவற்றைக் குறிலாகக் கொண்டார். நெடிலைக் காட்ட எழுத்தின் வடிவத்தையே சிறிது மாற்றினார். எகரத்தின் கீழே ஒரு கோடு இழுத்து ஏ ஆக்கினார். ஒகரத்தின் கீழே சுழித்து ஓ ஆக்கினார். உயிர்மெய் எழுத்துகளிலும் ஒற்றைக் கொம்பு குறிலுக்கும், மேலே சுழித்த இரட்டைக் கொம்பு நெடிலுக்கும் உரியவை ஆயின. இன்று கெட்டேன், கேட்டேன் என்னும் சொற்களைத் தமிழ்க் குழந்தைகள் மயக்கமின்றிப் படிக்கின்றனர். அதற்கு ஓர் இத்தாலியர் தமிழ் படிக்கையில் பட்ட இடர்ப்பாடே காரணமாயிற்று.

வீட்டுத் தமிழும் ஏட்டுத் தமிழும்

அவர் கண்ட மற்றொரு வேறுபாடு, எழுதும் தமிழ் ஒன்றாகவும் பேசும் தமிழ் ஒன்றாகவும் இருந்தமை. ஏட்டுத் தமிழை மட்டும் கற்றவர் சந்தையில் உப்பு வாங்கவும் இடர்ப்படுவார். பேச்சுத் தமிழை மட்டும் கற்றவர் குறளின் பொருளை அறியமாட்டார். இரண்டும் வேண்டும் என்று அவர் உணர்ந்தார். ஆகவே பேச்சு வழக்கிற்குக் கொடுந்தமிழ் இலக்கணம் என்னும் நூலையும், இலக்கிய வழக்கிற்குச் செந்தமிழ் இலக்கணம் என்னும் நூலையும் இலத்தீன் மொழியில் எழுதினார். தமிழ்ப் புலவர்களுக்காக, எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்து இலக்கணங்களையும் தொன்னூல் விளக்கம் என்னும் நூலில் தமிழிலேயே தந்தார். இந்நூலைக் குட்டித் தொல்காப்பியம் என்று போற்றுவர்.

கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அதை அச்சிட்டவர்கள் அங்கிருந்த சீர்திருத்தக் கிறித்தவ சமயப் பணியாளர்கள். சமயக் கருத்தில் வீரமாமுனிவரோடு கடுமையாக வாதிட்டவர்கள் அவர்கள்; அவரும் அவர்களை மறுத்து நூல்கள் எழுதியவர். எனினும் அவருடைய தமிழ் இலக்கணம் அவர்களுக்கும் தேவைப்பட்டது.

சொல்லுக்குப் பொருள் காண்பதிலும் புதியவருக்கு இடர் இருந்தது. பழைய நிகண்டுகள் செய்யுள் வடிவில் இருந்தன. அவற்றை இளமையிலேயே மனப்பாடம் செய்தவர்க்கே அவை பயன்பட்டன. நடுவயதில் கற்கத் தொடங்கியவர் ஒரு சொல்லை எங்கே தேடுவார்? எனவே வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை உருவாக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளை உடையதால் அது அப்பெயர் பெற்றது. சொற்கள் அகரவரிசையில் அமைந்ததால், மனப்பாடம் செய்யாதவரும் வேண்டிய சொல்லைத் தேடிக் காண முடிந்தது. இன்று நாம் பயன்படுத்தும் தமிழ் அகராதிகளுக்கு அது முன்னோடி.

சிரிக்க வைத்த சீடர்கள்

பேச்சுத் தமிழைப் பயில்வோர்க்கு உதவும் வகையில் அவர் எழுதிய உரைநடை நூல் பரமார்த்த குரு கதை. இதில் அறிவற்ற ஒரு குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் வருகின்றனர். ஒருநாள் அவர்கள் ஓர் ஆற்றங்கரையை அடைந்தனர். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் அது கொன்றுவிடும் என்று குரு அஞ்சினார். ஒரு சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்தான். நீர் சீறிப் புகைந்தது. ஆறு விழித்திருக்கிறது என்று கண்டு ஓடினான். பின்னர் அணைந்த கட்டையைத் தோய்த்தபோது ஓசை எழவில்லை. ஆறு உறங்குகிறது என்று மகிழ்ந்து அனைவரும் கடந்தனர்.

அக்கரை சேர்ந்ததும் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணினர். எண்ணிய ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் எண்ணினான். ஆகவே ஆறு பேரில் ஐவரே இருப்பதாகத் தோன்றியது. ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுது புலம்பினர். வழிப்போக்கர் ஒருவர் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி கொடுத்து எண்ணச் செய்தபோதுதான் ஆறு பேரும் இருப்பது தெரிந்தது. பிறரையெல்லாம் கணக்கில் கொண்டு தன்னை மறந்துவிடுவது சிரிப்பிற்கு உரியது மட்டும் அன்று. புதிய ஊருக்குச் செல்வோர் நினைவில் கொள்ளத்தக்கதும் ஆகும். இந்நூல் 1822இல் இலண்டனில் அச்சாயிற்று.

கொண்டதும் கொடுத்ததும்

வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி மூன்று காண்டங்களையும் 36 படலங்களையும் 3615 பாடல்களையும் கொண்ட பெருங்காப்பியம். கதை நிகழும் இடம் பாலை சூழ்ந்த யூதேயா நாடு. ஆனால் காப்பியத்தில் வரும் வயல்களும் தாமரைக் குளங்களும் தமிழ்நாட்டுக் காட்சிகளாகவே அமைந்துள்ளன. தாம் வந்து வாழ்ந்த நிலத்தின் அழகை, தம் உள்ளத்தில் முன்பே இருந்த கதைக்கு அவர் அணிவித்தார். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அவர் பணியாற்றினார். அவ்வூர்க்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். கடலூர் மாவட்டத்துக் கோணான்குப்பத்தில் உள்ள மரியன்னையைப் பெரியநாயகி என்று போற்றினார். அங்குள்ள அன்னையின் திருவுருவம் தமிழ்ப்பெண்ணைப் போலச் சேலை உடுத்தியிருப்பது அவருடைய விருப்பத்தால் என்பர்.

அவர் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்தவற்றைத் தமிழர்க்குக் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. தமிழின் செல்வத்தைத் தம் நாட்டவர்க்கும் கொடுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதினார். அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர்க்குப் பொதுமொழியாக இருந்தது இலத்தீன். அதனால் வள்ளுவரின் கருத்துகள் கடல் கடந்து செல்ல வழி பிறந்தது.

இறுதிக் காலம்

1740ஆம் ஆண்டை ஒட்டித் திருச்சிராப்பள்ளிப் பகுதி போரால் அலைப்புண்டது. 1741இல் மராத்தியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றினர். வீரமாமுனிவர் தாம் பணியாற்றிய ஊர்களை விட்டு நீங்கினார். தம் இறுதி நாட்களில் மலைத்தொடருக்கு மேற்கே, சேரநாட்டு அம்பலக்காட்டில் வாழ்ந்தார். இன்று அவ்வூர் பாலக்காட்டிற்கு அடுத்த திருச்சூர் மாவட்டத்தில் உள்ளது.

அம்பலக்காடு தமிழுக்குப் புதிய ஊர் அன்று. அந்தம் டி புரோயென்சா என்னும் போர்ச்சுகீசியர் தொகுத்த தமிழ் - போர்ச்சுகீசிய அகராதி 1679இல் அங்குதான் அச்சாயிற்று. அது வீரமாமுனிவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு. மலையாளம் வழங்கும் மண்ணில் தமிழ்ச் சொற்கள் அச்சேறிய அதே ஊரில், 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், தம் 66ஆம் வயதில் வீரமாமுனிவர் மறைந்தார்.

1968இல் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது, கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் சிலைகளின் வரிசையில் அவருக்கும் சிலை எழுப்பப்பட்டது. அவர் இத்தாலியராகப் பிறந்தார். இத்தாலியர் என்பதை மறைக்கவில்லை. தமிழ் கற்றார், தம் இலத்தீனை மறக்கவில்லை. இரண்டையும் அறிந்திருந்ததால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவரால் வழி அமைக்க முடிந்தது. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் மற்றொரு மொழியும் பேசி வளரும் பிள்ளைகளுக்கும் அவ்வாய்ப்பு இருக்கிறது.

சொற்பொருள்

கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள இயற்கை வழி
இயற்பெயர் – பெற்றோர் இட்ட பெயர்
மரக்கறி – காய்கறி உணவு
எழுத்தாணி – ஓலையில் எழுத உதவும் இரும்புக் கருவி
நிகண்டு – சொற்பொருளைச் செய்யுளில் கூறும் நூல்
கொள்ளிக்கட்டை – எரியும் விறகு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வீரமாமுனிவர் எங்கு, எப்போது பிறந்தார்?
2. ஓலையில் எழுதுவோர் புள்ளி இடாமல் விட்டதற்குக் காரணம் என்ன?
3. சதுரகராதியின் நான்கு பகுதிகள் யாவை?

ஆ. சிறு பத்தியில் விடை எழுதுக.
1. எகர, ஒகர எழுத்துகளில் இருந்த குறை தமிழரைவிடப் புதியவரையே மிகுதியாகத் துன்புறுத்தியது ஏன்?
2. வீரமாமுனிவர் மாற்றிக்கொண்டவை எவை? மாற்றாமல் காத்தவை எவை?

இ. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க.
1. எரி – ஏரி
2. கொடு – கோடு
3. பெறு – பேறு

ஈ. செயல்பாடு
தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோல் ஒலித்து, பொருளில் வேறுபடும் சொற்களை வீட்டுப் பெரியோரிடமும் மலையாளம் பேசும் நண்பரிடமும் கேட்டறிந்து, அகரவரிசையில் ஒரு சிற்றகராதி தொகுக்க. வெள்ளம், பனி ஆகிய இரண்டும் அதில் இடம்பெறுக.